பேரம் பேச முடியாத மேலாளர்கள்: அமெரிக்க அஞ்சல் மேற்பார்வையாளர் சங்கங்களின் வரலாறு

அமெரிக்க அஞ்சல் துறையில் கடிதங்களைப் பிரிக்கும் எழுத்தருக்குத் தொழிற்சங்கம் உண்டு. தெருத்தெருவாகக் கொண்டுபோய்ப் போடும் தபால்காரருக்கும் உண்டு. இரண்டு தரப்பும் நிர்வாகத்தோடு கூட்டுபேரம் நடத்துகின்றன. பேரம் முறிந்தால் நடுவர் தீர்ப்பு வருகிறது, அது நிர்வாகத்தைக் கட்டுப்படுத்துகிறது. இவர்களுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் மேற்பார்வையாளருக்கும், அலுவலகத்தின் தலைவரான போஸ்ட்மாஸ்டருக்கும் அந்த வழி கிடையாது. ஆனாலும் இவர்களுடைய சங்கங்கள் நூறாண்டுகளைத் தாண்டி நிற்கின்றன. வேலைநிறுத்தமும் இல்லை, கூட்டு ஒப்பந்தமும் இல்லை என்றால் ஒரு சங்கம் எதை வைத்துக் காரியம் சாதிக்கும்? இவர்கள் வாங்கிய உரிமைகளின் பட்டியலைப் பார்த்தால் பதில் தெரியும். ஏறக்குறைய எல்லாமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டங்கள். நிர்வாகத்திடம் நேரடியாகப் பேசி வாங்கியவை மிகக் குறைவு.

இன்று இப்படி இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. ஒன்று 1908இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் தொடங்கிய தேசிய அஞ்சல் மேற்பார்வையாளர் சங்கம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து நேப்ஸ் என்பார்கள். மற்றது, இரண்டு பழைய போஸ்ட்மாஸ்டர் சங்கங்கள் 2016இல் இணைந்ததால் பிறந்த ஐக்கிய போஸ்ட்மாஸ்டர்கள் மற்றும் மேலாளர்கள் சங்கம். ஒரே துறையின் மேலாளர்களுக்கு ஏன் தனித்தனிச் சங்கம் என்பது 19ஆம் நூற்றாண்டில் வேலை கிடைத்த விதத்தோடு சம்பந்தப்பட்டது.

பதவி கட்சிக்குச் சொந்தமாக இருந்தபோது

1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்கு மேலோ கமிஷன் வரும் அலுவலகங்களின் போஸ்ட்மாஸ்டர்களை ஜனாதிபதி நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும். மற்றவர்களை, துறையின் தலைவரான போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் நியமிப்பார். எழுத்தில் அப்படி இருந்தாலும், நடைமுறையில் அந்தந்தத் தொகுதியின் ஆளுங்கட்சிப் பிரமுகர் கைகாட்டியவருக்கே பதவி. வெள்ளை மாளிகையில் கட்சி மாறினால் அஞ்சலகத்தில் ஆளும் மாறுவார். 1885இல் ஜனநாயகக் கட்சி ஆட்சிக்கு வந்ததும், முதல் துணை போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக இருந்த அட்லாய் ஸ்டீவன்சன் பல்லாயிரம் குடியரசுக் கட்சிக்காரர்களை நீக்கினார். 1889இல் காற்று திசை மாறியது. அதே நாற்காலியில் அமர்ந்த ஜேம்ஸ் கிளார்க்சன் ஒரே ஆண்டுக்குள் 30,000க்கும் மேற்பட்ட கிராமப்புறப் போஸ்ட்மாஸ்டர்களை மாற்றினார்.

இந்தக் கிராமப்புறப் போஸ்ட்மாஸ்டர்கள் ‘நான்காம் வகுப்பு’ என்று அழைக்கப்பட்டார்கள். பெரும்பாலும் ஒரு மளிகைக் கடையின் மூலையே அலுவலகம். நிலையான சம்பளம் கிடையாது. வருமானம் முதலில் விற்ற தபால்தலைகளின் மதிப்பை ஒட்டி இருந்தது. அதில் ஒரு ஓட்டை: தலைகளைத் தள்ளுபடியில் வெளியூர் வியாபாரிகளுக்கு மொத்தமாக விற்றுத் தள்ளிக் கமிஷனைப் பெருக்கிக்கொள்ளலாம். அதனால் 1878இல் ஒரு சட்டம் போட்டுக் கணக்கை மாற்றினார்கள். விற்ற தலைகளை விட்டுவிட்டு, அந்த அலுவலகத்தில் முத்திரை குத்தி ரத்து செய்த தலைகளின் மதிப்பை எடுத்துக்கொண்டார்கள். அஞ்சல் பெட்டி வாடகையும் அவர்களுக்குச் சேர்ந்தது. ரத்துக் கணக்கைப் பொய்யாக எழுதினால் தண்டனை என்றும் அதே சட்டம் சொன்னது. எந்தப் பழக்கம் பரவியிருந்தது என்பதைச் சட்டத்தில் வரும் தடைகளை வைத்தே ஊகிக்கலாம்.

இந்தச் சூழலில்தான் 1887இல் தேசிய போஸ்ட்மாஸ்டர் லீக்கின் வேர் ஊன்றியது. சிறிய அலுவலகங்களின் குரலாக அது வளர்ந்தது. 1898இல் அமெரிக்க போஸ்ட்மாஸ்டர்களின் தேசியச் சங்கம் என்ற மற்றொரு அமைப்பு வந்தது. 1901இல் நாட்டில் 76,945 அஞ்சலகங்கள் இருந்தன. அதன்பின் அந்த எண்ணிக்கையை அமெரிக்கா எட்டவே இல்லை. கிராமங்களுக்கு வீட்டுக்கே தபால் கொண்டுபோகும் சேவை 1896இல் தொடங்கியதுதான் சரிவுக்கு முக்கியக் காரணம். தபால் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட ஊரில் மளிகைக்கடை அஞ்சலகத்துக்கு வேலை இல்லை.

மேற்பார்வையாளர்களின் பாதை வேறு. வேலை கிடைக்காத ஆத்திரத்தில் ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டை 1881இல் சுட்டான். அதன் அதிர்ச்சியில் 1883இல் பெண்டில்டன் சட்டம் பிறந்தது. 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் அஞ்சலகங்களில் எழுத்தர்களும் தபால்காரர்களும் போட்டித் தேர்வு எழுதியே உள்ளே வர வேண்டும் என்றானது. ஆனால் போஸ்ட்மாஸ்டர் பதவி கட்சிக்கே இருந்தது. ஆக ஒரு பெருநகர அஞ்சலகத்தில் கீழே இருப்பவர் தேர்வில் வந்தவர், மேலே இருப்பவர் சிபாரிசில் வந்தவர். நடுவில் இருந்த மேற்பார்வையாளர் எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். வேலை அவருக்குத் தெரியும், பதவிக்கு வருகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இவர்கள் இருவரையும் ஒரே சங்கத்தில் சேர்ப்பது அந்தக் காலத்தில் நடக்கிற காரியமாக இருந்திருக்காது.

வாய்ப்பூட்டு

நேப்ஸ் தொடங்கிய 1908இல் அரசு ஊழியர்கள் வாய் திறக்கவே தடை இருந்தது. 1902 ஜனவரி 31 அன்று ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை போட்டார். கூட்டாட்சி அரசு ஊழியர் எவரும், தனியாகவோ சங்கத்தின் வழியாகவோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ, சம்பள உயர்வு கேட்டுக் காங்கிரஸை அணுகக் கூடாது. சொல்ல வேண்டியதைத் துறைத் தலைவர் மூலமே சொல்ல வேண்டும். மீறினால் வேலை போகும். 1906இல் அது இன்னும் விரிவானது, 1909இல் அடுத்த ஜனாதிபதி டாஃப்ட் மேலும் இறுக்கினார்.

சம்பளத்தை நிர்ணயிப்பது காங்கிரஸ், காங்கிரஸோடு பேசவோ தடை. அஞ்சல் ஊழியர் எல்லாருக்குமே இது பெரிய அடி, மேற்பார்வையாளருக்கும் இருந்த ஒரே கதவு சாத்தப்பட்டது. 1912 ஆகஸ்ட் 24 அன்று லாய்ட்-லஃபாலெட் சட்டம் இந்தப் பூட்டை உடைத்தது. காங்கிரஸிடம் தனியாகவோ கூட்டாகவோ மனுச் செய்யும் உரிமையைப் பறிக்கக் கூடாது. சேவையின் திறனுக்கு உதவும் காரணம் இருந்தாலொழிய யாரையும் நீக்கக் கூடாது, காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அஞ்சல் ஊழியர்கள் சங்கம் சேரலாம், ஆனால் வேலைநிறுத்தக் கடமையைச் சுமத்தும் வெளி அமைப்போடு அது இணைந்திருக்கக் கூடாது. எழுத்தர், தபால்காரர் சங்கங்களின் போராட்டத்தால் வந்த சட்டம் இது. பலனை நீண்ட காலம் அதிகமாகச் சார்ந்திருந்தவர்கள் மேலாளர்கள் என்றே சொல்ல வேண்டும்.

அதன்பின் பதவிகளிலிருந்து கட்சி மெல்ல விலகியது. நான்காம் வகுப்பு போஸ்ட்மாஸ்டர்களில் ஒரு பகுதியை 1908இலும் மீதியை 1912இலும் தேர்வுமுறைக்குள் கொண்டுவந்தார்கள். 1938ஆம் ஆண்டுச் சட்டம், பெரிய அலுவலகங்களைக் கொண்ட முதல் மூன்று வகுப்பு போஸ்ட்மாஸ்டர்களையும் உள்ளே இழுத்தது. நான்காண்டு பதவிக்காலம் போனது, செனட் ஒப்புதல் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்சி சிபாரிசு முடிந்தது என்று நிக்சன் அரசு 1969 பிப்ரவரியில் அறிவிக்கும்வரை சிபாரிசும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு பக்கமும் இல்லாத இடம்

தனியார் துறையில் 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் மேற்பார்வையாளரைத் தொழிலாளர் என்ற வரையறையிலிருந்து வெளியே எடுத்தது. ஒரு கால் நிர்வாகத்திலும் மறு கால் தொழிற்சங்கத்திலும் இருக்க முடியாது என்பது அதன் வாதம். 1962இல் கென்னடி போட்ட 10988ஆம் எண் ஆணை கூட்டாட்சி ஊழியர்களுக்குச் சங்க அங்கீகாரம் தந்தபோதும் சங்கம் யாருக்காகப் பேரம் பேசலாமோ அந்த ஊழியர் குழுக்களுக்கு வெளியே மேலாளர்கள் நின்றார்கள்.

1966 அக்டோபரில் சிகாகோ அஞ்சலகம் ஸ்தம்பித்து, சுமார் ஒரு கோடி உருப்படிகள் தேங்கிக் கிடந்தன. துறையை மாற்றி அமைக்க வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்து வலுத்தது. அதை முடித்து வைத்தது 1970 மார்ச் 18 அன்று நியூயார்க்கில் வெடித்த வேலைநிறுத்தம். அப்போது தபால்காரரின் தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 6,176 டாலர். உச்சமான 8,442 டாலரைத் தொட 21 ஆண்டுகள் ஆகும். கூட்டாட்சி ஊழியருக்கு வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று தெரிந்தே 2 லட்சம் பேருக்கு மேல் இறங்கினார்கள். நிக்சன் நியூயார்க்குக்குப் படையை அனுப்பித் தபால் பிரிக்க வைத்தார். எட்டு நாளில் முடிந்த அந்தப் போராட்டம் 6 சதவீத உடனடி உயர்வையும், மறுசீரமைப்புச் சட்டத்தோடு இன்னொரு 8 சதவீதத்தையும் வாங்கித் தந்தது. சட்டம் 1970 ஆகஸ்ட் 12 அன்று கையெழுத்தானது. 1971 ஜூலை 1 முதல் பழைய துறை போய், இப்போதைய அஞ்சல் சேவை நிறுவனம் செயல்படத் தொடங்கியது.

இந்தச் சட்டம் ஊழியரை இரண்டாகப் பிரித்தது. எழுத்தருக்கும் தபால்காரருக்கும் முழுக் கூட்டுபேரம், முட்டுக்கட்டை விழுந்தால் கட்டாய நடுவர் தீர்ப்பு. மேலாளர்களுக்கு 1004ஆம் பிரிவு. அது இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. முதலாவது, ஊதியக் கொள்கையைத் திட்டமிடும்போது மேற்பார்வையாளர் சங்கத்தோடு கலந்தாலோசிக்க வேண்டும். இரண்டாவது, எழுத்தர், தபால்காரர் சம்பளத்துக்கும் மேற்பார்வையாளர் சம்பளத்துக்கும் இடையே ‘போதுமான, நியாயமான’ வித்தியாசம் இருக்க வேண்டும். எவ்வளவு வித்தியாசம் போதும் என்று ஒரு எண் சட்டத்தில் இல்லை. அடுத்த அரை நூற்றாண்டின் சண்டை முழுவதும் அந்த இல்லாத எண்ணைச் சுற்றியே நடந்தது.

1970களில் விலைவாசி ஏறியபோது பேர உரிமை உள்ளவர்களின் ஒப்பந்தத்தில், விலைவாசிக்கேற்ப ஏறும் விலைவாசிப்படி சேர்ந்தது. அதனால் கீழ்ச் சம்பளம் தானாக ஏறியது, மேல்ச் சம்பளம் நிர்வாகத்தின் விருப்பப்படி ஏறியது. இடைவெளி சுருங்கியது. நேப்ஸ் நீதிமன்றம் போனது. கொலம்பியா மாவட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979இல் சொன்ன தீர்ப்பின் சாரம்: இதில் நிர்வாகத்துக்கு நிறைய விருப்புரிமை உண்டு, இடைவெளி எவ்வளவு என்று நீதிமன்றம் உட்கார்ந்து கணக்குப் போடாது. வழக்கில் கிடைக்காததைக் கேட்டு நேப்ஸ் திரும்பவும் காங்கிரஸுக்குப் போனது. 1980 ஆகஸ்டில் 1004ஆம் பிரிவுக்குத் திருத்தம் வந்தது.

காலண்டர் எப்படி ஓடுகிறது

அந்தத் திருத்தம் எண்ணைத் தரவில்லை, நடைமுறையைத் தந்தது. மேற்பார்வையாளர்களைப் பாதிக்கும் எந்தத் திட்டமானாலும், அதையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். அசாதாரண நிலை இல்லையென்றால், கருத்துச் சொல்லச் சங்கத்துக்கு 60 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். சம்பள விஷயத்தில் இதைவிடக் கறாரான கால அட்டவணை இருக்கிறது.

மிகப் பெரிய தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் முடிந்த நாளிலிருந்து 45 நாளுக்குள், அதே காலத்துக்கான மேற்பார்வையாளர் சம்பள முன்மொழிவை நிர்வாகம் வைக்க வேண்டும். அதிலிருந்து 90 நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். முடிவு சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று சங்கம் கருதினால் 10 நாளுக்குள் கூட்டாட்சி சமரச சேவையிடம் உண்மை அறியும் குழு கேட்கலாம். சமரச சேவை 15 நாளுக்குள் ஏழு நிபுணர்களின் பெயர்ப் பட்டியலைத் தரும். இரு தரப்பும் 10 நாளுக்குள் ஆளுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இருவரும் 5 நாளுக்குள் கூடி, அதே பட்டியலிலிருந்து மூன்றாமவரைத் தேர்ந்து தலைவராக்குவார்கள். யாராவது இழுத்தடித்தால் சமரச சேவையின் இயக்குநரே ஆளைப் போட்டுவிடுவார். குழு 30 நாளுக்குள் பரிந்துரை தர வேண்டும், செலவு பாதிக்குப் பாதி. அதன்பின் 15 நாளுக்குள் நிர்வாகம் இறுதி முடிவைச் சொல்லும். பரிந்துரையிலிருந்து எங்கெல்லாம் விலகுகிறதோ அங்கெல்லாம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

எல்லாம் நேரத்துக்கு நடந்தால் ஏழு மாதம், ஏழரை மாதத்தில் முடிந்துவிடும். ஆனால் குழு சொல்வது பரிந்துரைதான், தீர்ப்பு இல்லை. தொழிற்சங்கத்துக்கு நடுவர் சொன்னது சட்டம், மேற்பார்வையாளருக்குக் குழு சொன்னது யோசனை. எழுத்தில் காரணம் கேட்பதுதான் இதிலிருக்கும் ஒரே கூர்மை, ஏனென்றால் நிர்வாகம் எழுதிவைத்த காரணத்தைப் பின்னால் நீதிமன்றத்தில் வைத்து அலச முடியும். 1980இல் இதைக் கேட்டு வாங்கியவர்கள் அந்தப் பயனை எவ்வளவு தூரம் யோசித்தார்களோ, 40 ஆண்டு கழித்து அதுவே கை கொடுத்தது.

இடைவெளி என்பது சம்பளச் சீட்டில் எப்படித் தெரிகிறது என்றும் பார்க்க வேண்டும். மேலாளர்கள் நிர்வாக ஊதிய அட்டவணையில் இருக்கிறார்கள். அதில் விலைவாசிப்படியோ ஆண்டு இன்கிரிமென்டோ இல்லை. செயல்திறன் மதிப்பெண்ணை வைத்தே உயர்வு வருகிறது. தகுதியுள்ள மேற்பார்வையாளர்களின் குறைந்தபட்சச் சம்பளம், குறிப்பிட்ட ஒரு ஊழியர் நிலையின் உச்சச் சம்பளத்தைவிட 5 சதவீதம் கூடுதலாக இருக்கும்படி நிர்வாகம் வைத்திருக்கிறது. இங்கே இரண்டு சிக்கல்கள். எந்த நிலையோடு ஒப்பிடுவது என்பது ஒன்று: எழுத்தரோடு ஒப்பிட்டால் ஒரு தொகை, மூத்த தபால்காரரோடு ஒப்பிட்டால் வேறு தொகை. அடுத்தது ஓவர்டைம். தபால்காரருக்கு அது ஒன்றரை மடங்கு. மேற்பார்வையாளர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், அனுமதி பெற்று நாளுக்கு எட்டரை மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால், சாதா விகிதத்தில் கூடுதல் சம்பளம் கிடைக்கும். ஆள் பற்றாக்குறை உள்ள அலுவலகத்தில் தபால்காரரின் ஆண்டு வருமானம் அவருடைய மேற்பார்வையாளரைத் தாண்டிப் போவது இதனால்தான். பதவி உயர்வை வேண்டாம் என்று மூத்த ஊழியர் மறுக்கும்போது, காலி இடம் தற்காலிக ஆட்களால் நிரம்புகிறது, பொறுப்பு முழுசாக யாரிடமும் இருப்பதில்லை.

ஒழுங்கு நடவடிக்கை

சம்பளம் தலைப்புச் செய்தி, உறுப்பினர் சந்தா கட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு. தொழிற்சங்க ஊழியருக்கு ஒப்பந்தத்தின் குறைதீர்ப்பு முறை உண்டு. மேலாளருக்கு நிறுவனத்தின் உள் மேல்முறையீடுதான், அதில் தீர்ப்புச் சொல்பவரும் மேலதிகாரியே. முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும் வெளியே போகும் வழி இருந்தது. 1987 ஆகஸ்டில் வந்த சட்டம் மற்ற மேலாளர்களுக்கும், கூட்டாட்சி ஊழியர்களின் முறையீடுகளை விசாரிக்கும் மெரிட் சிஸ்டம்ஸ் புரொடெக்‌ஷன் போர்டு எனப்படும் வாரியத்துக்கு மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தந்தது. ஒரே மாதிரியான பதவியில் தொடர்ச்சியாக ஓராண்டு முடித்திருக்க வேண்டும். நீக்கம், 14 நாளுக்கு மேற்பட்ட இடைநீக்கம், பதவி இறக்கம், சம்பளக் குறைப்பு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். 14 நாளும் அதற்குக் குறைவானதும் உள்ளே வராது.

நடவடிக்கைக்கு முன் 30 நாள் முன்னறிவிப்பும், பதில் சொல்லக் குறைந்தது 7 நாளும் தர வேண்டும். நடவடிக்கை அமலான நாளிலிருந்தோ முடிவு கையில் கிடைத்த நாளிலிருந்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 30 நாளுக்குள் வாரியத்தில் மனுப் போட வேண்டும். வழக்குகள் பாழாவது இந்த இடத்தில். உள்ளூர் அதிகாரியோடு பேசிச் சரிசெய்துவிடலாம் என்று காத்திருப்பார்கள், 30 நாள் கடந்துவிடும். முன்னறிவிப்புக் காலத்தில் எழுதும் பதிலும் முக்கியம், அங்கே ஒப்புக்கொண்ட ஒன்றைப் பின்னால் வாரியத்தில் மறுப்பது கடினம். சங்கத்தின் பிரதிநிதி முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான்.

போஸ்ட்மாஸ்டர்கள் குறைந்த கதை

1992இல் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் மார்வின் ரன்யன் 30,000 நிர்வாகப் பதவிகளைக் குறைக்கப் போவதாக அறிவித்து, முன்கூட்டி ஓய்வு பெறுவோருக்கு ஆறு மாதச் சம்பளத்தை ஊக்கத்தொகையாக வைத்தார். சுமார் 48,000 பேர் எடுத்துக்கொண்டு போனார்கள், அதில் பலர் மேலாளர்களே அல்ல. போக வேண்டியவர் இருந்தார், இருக்க வேண்டியவர் போனார்.

போஸ்ட்மாஸ்டர்களுக்கு வேறொரு குறை. 1980 திருத்தம் பேசியது மேற்பார்வையாளர் சங்கத்தைப் பற்றி. உண்மை அறியும் குழுவைக் கேட்கும் உரிமை போஸ்ட்மாஸ்டர் சங்கங்களுக்கு இல்லை. 2003 செப்டம்பரில் கையெழுத்தான சட்டம் அந்த நடைமுறையை அவர்களுக்கும் நீட்டியது. முந்தைய ஆண்டு ஜூன் 30 அன்று மொத்த போஸ்ட்மாஸ்டர்களில் 20 சதவீதத்துக்குக் குறையாத உறுப்பினர்கள் இருந்தால் ஒரு அமைப்பு தகுதி பெறும்.

உரிமை வந்த சில ஆண்டுகளில் பதவிகளே கரைந்தன. 2012இல் அறிவித்த திட்டத்தில் சுமார் 13,000 சிறிய அலுவலகங்களின் வேலைநேரம் நாளுக்கு 2, 4 அல்லது 6 மணி என்று குறைந்தது. அருகிலுள்ள பெரிய அலுவலகத்தின் போஸ்ட்மாஸ்டர் அவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். 2014இல் ஒரு நடுவர் தீர்ப்பு, அவற்றில் 4 மணி, 6 மணி அலுவலகங்களின் வேலையை எழுத்தர் தொழிற்சங்கத்துக்குக் கொடுத்தது. பேர உரிமை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு கிடைப்பது அரிது. உறுப்பினராகக் கூடியவர்களே குறைந்தபோது இரண்டு போஸ்ட்மாஸ்டர் சங்கங்கள் தனித்தனியே நடத்துவதில் அர்த்தம் இல்லாமல் போனது. நூறாண்டுக்கும் மேலான போட்டிக்குப் பிறகு 2016 நவம்பரில் இணைந்தன.

2016 முதல் 2019 வரையிலான சம்பளக் காலம், 1980இல் வந்த நடைமுறைக்கு ஒரு பெரிய சோதனை. நிர்வாகத்தின் முடிவு 2018இல்தான் வந்தது, பாதிக் காலம் கடந்த பிறகு. நேப்ஸ் உண்மை அறியும் குழுவைக் கேட்டது. குழு 2019 ஏப்ரலில் நிர்வாகத்தின் அணுகுமுறையில் குறை கண்டது, மே மாதம் நிர்வாகம் பரிந்துரைகளில் பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. ஜூலையில் வழக்கு. 2020இல் மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2022 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. தனியார் துறையோடு ஒப்பிடத்தக்க சம்பளம், நியாயமான இடைவெளி என்று சட்டம் சொல்வதை நிறைவேற்றியதாக நிர்வாகம் காட்ட வேண்டும், அதை விருப்புரிமை என்று ஒதுக்க முடியாது என்றது. தலைமை அலுவலக ஊழியர்களுக்காகவும் தன்னிடம் உறுப்பினராக உள்ள போஸ்ட்மாஸ்டர்களுக்காகவும் பேசும் உரிமை நேப்ஸுக்கு உண்டு என்ற வாதத்தையும் ஏற்றது. 20 சதவீத வரம்பை நம்பியிருந்த போஸ்ட்மாஸ்டர் சங்கத்துக்கு, தன் உறுப்பினர்களுக்காக இன்னொரு அமைப்பும் அதே மேசையில் உட்காரலாம் என்று அதற்குப் பொருள்.

1979இல் ஒதுங்கிய நீதிமன்றம் 43 ஆண்டுகளில் இவ்வளவு தூரம் வந்தது. ஆனால் எவ்வளவு சம்பளம் என்று அது சொல்லவில்லை, வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. அந்தத் தீர்ப்பு வந்தபோது, வழக்குக்குக் காரணமான சம்பளக் காலம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.